சலூன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

கோவில்பட்டிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 38 வருஷம் சலூன் வைத்திருந்தவரின் மகன் நான். படித்து, அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் கத்தியை நான் கையில் எடுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடிக்கிறவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவின் கடையில்தான் இருப்பேன். முடி கூட்டுவேன், துண்டு அலசுவேன், பிளேடு உடைத்துக் கொடுப்பேன். அந்த உறவில்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

பிளேடு உடைக்கிற வேலையிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை. பிளேடைக் காகித உறையோடு இரண்டு கை விரல்களுக்கும் நடுவில் பிடித்து, நீளவாக்கில் மெல்ல வளைத்தால் ‘டக்’கென்று இரண்டாகும். ஒரு பாதி கத்திக்குள் போகும். மறு பாதி உறைக்குள்ளேயே மடிந்து அடுத்த ஆளுக்காக இழுப்பறையில் காத்திருக்கும். “பேப்பரோட ஒடிலே, வெறுங்கையால ஒடிக்காத” என்று அப்பா என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள், பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது, உறையைப் பிரித்து வெறுங்கையாலேயே ஒடிப்பார். அவருடைய வலது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெள்ளைவெள்ளையாய் மெல்லிய கோடுகள் இருக்கும், பனை ஓலையில் எழுத்தாணி கீறினதுபோல. ரத்தம் கசிந்தால் விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, படிகாரத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு நுரை போடப் போய்விடுவார்.

2009-இல் அவருக்குக் கால் வீங்கி வயிறு உப்பத் தொடங்கியது. எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த அவருடைய ரத்தத்தை நானே சோதித்தேன். விரல் நீள அட்டை ஒன்றில் சில சொட்டு விடுவோம். ஒரு கோடு வந்தால் நோய் இல்லை, இரண்டு கோடு வந்தால் ஹெபடைடிஸ் பி. கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள்ளாகவே இரண்டாவது கோடு இளஞ்சிவப்பாய்த் தெளிந்துவிட்டது. கல்லீரல் அதற்கு முன்பே சுருங்கிப்போயிருந்தது. சாராயத்தைத் தொட்டுப் பார்க்காத மனிதரிடம், வார்டில் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் “எவ்வளவு குடிப்பீங்க?” என்று கேட்டார்கள். ஒரே ஒரு டாக்டர் மட்டும் “என்ன வேலை பாக்கீங்க?” என்றார். சொன்னதும் அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கிருமி அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம். ஒரே ஊசியை ஊர் முழுக்கக் குத்திய பழைய காலத்தில் வந்திருக்கலாம். தொழிலில் வந்திருக்கலாம். நான் சொல்ல வருவது இதுதான்: 38 வருஷத்தில் தினம் இருபது முப்பது முகம் என்றால் எத்தனை லட்சம் முகங்கள் அவர் விரலைக் கடந்து போயிருக்கும்! அவ்வளவு பேருடைய ரத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவரிடம், உனக்கு ஒரு தடுப்பூசி இருக்கிறது, போட்டுக்கொள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சலூன் சுத்தம் என்று பேச்செடுத்தால் எல்லாரும் வாடிக்கையாளரின் கன்னத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கத்தியைப் பிடித்திருக்கிற விரலைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

உங்களில் பலர் எய்ட்ஸுக்குத்தான் பயந்து பிளேடு மாற்ற ஆரம்பித்தீர்கள். 1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அடுத்த பத்து வருஷத்தில் அந்தப் பயம் ஊர் ஊராகப் பரவி, தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கடைக்கும் வந்துசேர்ந்தது. அதுவரை அப்பா வைத்திருந்தது ஒரே ஒரு நாட்டுக் கத்திதான். கல்லில் தீட்டி, தோல்வாரில் இப்படியும் அப்படியும் நாலு இழுப்பு இழுத்து, அதே கத்தியால் ஊரையே மழித்தார். ஒரு நாள் கோவில்பட்டிக்குப் போய் அரை பிளேடு மாட்டுகிற கத்தி இரண்டு வாங்கி வந்தார். நாட்டுக் கத்தியைத் துணியில் சுற்றித் தாத்தாவின் சவரச் சாமான் அடைப்பத்துக்குள் வைத்துவிட்டார். ‘ஒருவருக்கு ஒரு பிளேடு’ என்று சுண்ணாம்பில் நீலம் கலந்து சுவரில் எழுதியது நான்தான். 2003-இல் ‘புள்ளிராஜா’ எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் தெருத்தெருவாய் நின்றபோது எங்கள் சுவரெழுத்து மங்கிவிட்டிருந்தது. ஆனால் பழக்கம் மங்கவில்லை. சட்டம் போட்டு யாரும் உங்களை அதற்கு விரட்டவில்லை. ஒரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டுச் சலூன்கள் பெரும்பாலும் தாங்களாகவே மாறின. பெரிய காரியம் அது. அதற்காக உங்களுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறொரு கணக்கு தெரிகிறது. மருத்துவமனை ஊழியர்களுக்கு நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி தவறிக் குத்திவிட்டால் என்ன ஆகும் என்று உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால், குத்துப்பட்ட முந்நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத் தொற்றும். ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றில் இரண்டு பேர் அளவுக்கு. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாத நூறு பேரில் முப்பது பேர் வரைக்கும் போகலாம். எச்.ஐ.வி. உடம்பை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் வலுவிழந்துவிடும். பி கிருமி காய்ந்த ரத்தத்தில், கண்ணுக்கே தெரியாத துளியில், குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். திங்கட்கிழமை ஒரு கன்னத்தில் பட்டது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை கத்தியில் காத்திருக்க முடியும் என்று அர்த்தம்.

இன்னொன்று, இந்தக் கிருமி உள்ளே போனதும் ஆளைப் படுக்க வைக்காது. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சத்தமில்லாமல் இருக்கும். பிறகு கண் மஞ்சளாகலாம், ஆகாமலும் போகலாம். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறவர், மூன்று மாதத்துக்கு முன்னால் தாடையில் பட்ட கீறலை நினைத்துப் பார்க்கப் போவதில்லை. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். குணமாகாத சிலருக்கு அது கல்லீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றாகவோ வெளியே வரும். அதனால்தான் சலூனில் தொற்றியது என்று எண்ணிக்கை சொல்ல ஆளில்லை. எண்ணிக்கை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

சரி, பிளேடு மாற்றுகிறோமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். இன்றைக்குக் கடை சாத்தியதும் ஒரு காரியம் செய்து பாருங்கள். பிளேடைக் கழற்றிவிட்டு, கத்தியின் வாயை விரித்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். பிளேடு உட்காருகிற இடுக்கிலும் ஆணி அடித்த மூட்டிலும் காய்ந்த நுரை வெள்ளையாய் அப்பியிருக்கும். சில கத்திகளில் அந்த வெள்ளைக்கு நடுவில் பழுப்பாய் ஒரு கோடு ஓடும். ஒரு பல்குச்சியால் சுரண்டினால் துகளாய் உதிரும். புதுப் பிளேடு அந்தக் கோட்டின் மேல்தான் போய் உட்காருகிறது. அதன் முனை அந்த அழுக்கை உரசிக்கொண்டுதான் வெளியே வருகிறது. விருந்தாளிக்குப் புது இலை போட்டுவிட்டு, முந்தின பந்தியில் ஒருவரின் எச்சில் பட்ட கரண்டியால் பரிமாறினால் எப்படியோ அப்படித்தான் இது.

கத்தி மட்டுமில்லை. படிகாரக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தோலைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தும், ஆனால் கிருமியைக் கொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரே கட்டியைக் காலையிலிருந்து ராத்திரி வரை அத்தனை பேருடைய கீறலிலும் தேய்க்கிறோம். ரத்தம் கசிகிற இடங்களை மட்டும் தேடித் தேடித் தொடுகிற பொருள் கடையில் அது ஒன்றுதான். என்னைக் கேட்டால், பிளேடுக்கு அடுத்தபடி நான் பயப்படுவது அந்தக் கட்டிக்குத்தான். அதை உடைத்துப் பொடியாக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, ஒரு துளிப் பஞ்சில் தொட்டு வைத்துவிட்டு, பஞ்சைத் தூர எறிந்துவிடலாம். செலவே கிடையாது.

டெட்டால் தண்ணீர்க் கிண்ணத்தில் கத்தியை ஒரு முக்கு முக்கி எடுப்பது பல கடைகளில் வழக்கம். வாசனை வருவதால் வாடிக்கையாளருக்கும் திருப்தி. அந்த ஒரு முக்கு பி கிருமியை அழிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நீல விளக்கு எரிகிற பெட்டி இப்போது நிறையக் கடைகளில் வந்துவிட்டது. அந்த வெளிச்சம் நேராகப் படுகிற இடத்தில்தான் வேலை செய்யும். இடுக்குக்குள்ளும் நுரைக்கு அடியிலும் அது போகாது. கழுவின சாமானைத் தூசி படாமல் வைத்திருக்க அந்தப் பெட்டி நல்லது. கழுவாத சாமானைச் சுத்தமாக்க அது உதவாது.

கைக்கெட்டுகிற விலையில் இருக்கிற வழி பிளீச்சிங் பவுடர். குளோரின் முப்பது சதவீதத்துக்குக் குறையாததாகப் பார்த்து வாங்கி, 15 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள். கத்தியைச் சோப்புப் போட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்து அலசிவிட்டுத்தான் அதில் போட வேண்டும். நுரையும் ரத்தமும் ஒட்டியிருந்தால் மருந்து உள்ளே இறங்காது. பத்து நிமிடம் முழுசாக முங்கிக் கிடக்கட்டும். எடுத்து நல்ல தண்ணீரில் அலசி ஈரம் போகத் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடித்துவிடும். கரைத்த தண்ணீர் அன்றைக்கு மட்டும்தான். மறுநாளைக்கு வீரியம் போய்விடும். முழுக்க இரும்பில் செய்த கத்தியானால் ராத்திரி இருபது நிமிடம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாலும் போதும்.

பத்து நிமிடம் ஊறப்போட்டால் அடுத்த ஆளை எப்படிப் பார்ப்பது? கத்தி ஒன்றாக இருந்தால் முடியாது. நான்கு வேண்டும். ஒன்று கையில், ஒன்று ஊறலில், இரண்டு காய்ந்து தயாராக. ஒரு தடவை வாங்குகிற செலவுதான், வருஷக்கணக்கில் உழைக்கும். என் சித்தப்பா மகன் தன் கடையில் இப்படித்தான் வைத்திருக்கிறான். முதல் வாரம் கைகொடுக்கவில்லை, அலுத்துக்கொண்டான். இப்போது அவன் கை தானாகவே டப்பாவுக்குப் போகிறது.

துண்டு, நுரைப் பிரஷ், தண்ணீர்க் கிண்ணம் பற்றியெல்லாம் நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆளுக்கொரு துண்டு, இல்லாவிட்டால் காகிதத் துண்டு. பிரஷ் இல்லாமல் கையாலேயே போடுகிற நுரை இப்போது கிடைக்கிறது. வழித்த நுரையை இடது புறங்கையில் தடவிக்கொள்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் புறங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்தால் அவருடைய ரத்தம் நேரே அதில்தான் சேரும். தினத்தந்தியைக் கிழித்து வாடிக்கையாளரின் தோளில் போட்டு அதில் வழிப்பாரே என் அப்பா, அதுவே மேல்.

முகத்தில் சீழ்க் கொப்புளமோ படர்தாமரையோ இருக்கிறவருக்குக் கத்தி வைக்காதீர்கள். தாடிமயிரின் வேர்க்காலில் இறங்குகிற சீழ்ப்புண்ணுக்கு நம் தொழிலின் பெயரையே வைத்திருக்கிறது ஆங்கில மருத்துவம், அவ்வளவு பழைய உறவு. “இன்னைக்கு வேண்டாம்ணே, ஆறட்டும், மிஷின்ல லேசா எடுத்து விடுதேன்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புண்ணுக்காக மறுப்பது வேறு. தெருவைப் பார்த்து, சாதியைப் பார்த்து மறுக்கிற கொடுமை சில ஊர்களில் இன்னும் ஓயவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் மிரட்டுவதால்தான் நாங்கள் மறுக்கிறோம் என்று சொல்கிற தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அந்த மிரட்டலுக்குச் சுகாதாரம் என்று யாரும் பெயர் சூட்ட நாம் இடம் கொடுத்துவிடக் கூடாது. அதேபோல, யாரிடம் கிருமி இருக்கிறது என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாதம் எத்தனையோ அட்டைகளில் இரண்டு கோடு பார்க்கிற எனக்கே முடியாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி, முழுசாகச் செய்துவிட வேண்டியதுதான்.

தேய்ந்த பிளேடு எங்கே போகிறது? இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் கடையில் அதை முடிக் குப்பையோடு சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுவோம். நானே தள்ளியிருக்கிறேன். ஒரு நாள் தெருக் கூட்டுகிற அம்மா, கூடையில் அள்ளும்போது உள்ளங்கையில் ஏறின அரை பிளேடோடு கடை வாசலில் வந்து நின்றார்கள். திட்டவில்லை. “பாத்துப் போடக்கூடாதாய்யா” என்று மட்டும் கேட்டார்கள். அப்பா தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டார். அன்றைக்கு எங்களுக்குக் கிருமிக் கணக்கெல்லாம் தெரியாது. இன்றைக்குத் தெரிகிறது. அந்தக் கை ஆறியதா என்று நான் ஒரு தடவைகூடப் போய்க் கேட்கவில்லை. ஒரு தகர டப்பாவின் மூடியில் பிளேடு மட்டும் நுழைகிற அளவுக்குக் கீறி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் போதும், மாதக்கணக்கில் சேரும். நிறைந்ததும் திறக்காமல், ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டிக்காரர் கையில் சொல்லிக் கொடுக்க வேண்டும். நகராட்சிகள் சலூன்களிலிருந்து இதைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சங்கங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

இவ்வளவும் உங்கள் தலையில் கட்டுகிறேனே என்று தோன்றலாம். நம் தொழிலைப் பற்றி நான் யோசிக்காத நாளில்லை. நம்மில் ஒரு பெரும் பகுதிக்கு மருத்துவர் என்றே பெயர். அது அலங்காரத்துக்கு வந்த பெயரில்லை. என் தாத்தா அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வேப்பமரத்தடியில் சவரம் செய்தவர், களத்துமேட்டில் கம்பும் சோளமும் கூலி வாங்கியவர். ஊரில் யாருக்குக் கட்டி பழுத்தாலும் கீறிவிட்டுப் பச்சிலை வைத்துக் கட்டுவதும் அவர்தான். பாட்டி பிரசவம் பார்த்தாள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். லண்டனில் 1540-இல் சவரத் தொழிலாளரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைந்தார்கள். 1745-இல் அறுவை மருத்துவர்கள் பாகம் பிரித்துக்கொண்டு தனியே போனார்கள். அப்படிப் போன பங்காளிகளுக்கு 1867-இல் ஜோசஃப் லிஸ்டர் என்கிற ஒருவர், புண் சீழ்ப்பிடிப்பதற்குக் கிருமிதான் காரணம், மருந்தால் அதைத் தடுக்கலாம் என்று எழுதிக் காட்டினார். கல்லூரியில் அந்தப் பாடம் வந்தது. மருத்துவமனையில் அதற்கென்று அறை வந்தது, ஆள் வந்தார், கையுறை வந்தது. நம் பாகத்தில் கத்தி மட்டும் இருந்தது. அந்தப் பாடத்தை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்க யாரும் மெனக்கெடவில்லை.

நம்மைச் சுத்தம் என்ற பெயரில் ஒதுக்கத்தான் மெனக்கெட்டார்கள். முடி வெட்டிவிட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்தித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே வீட்டுக்குள் விடுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. ஒட்டின முடி போகக் குளிப்பது நல்லதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் முடிக்காக மட்டும் ஊற்றப்பட்டதில்லை என்பது என் தாத்தாவுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்படித் தலை முழுகிய எத்தனையோ பேரில் ஒருவர்கூட, கத்தியைக் கழுவினாயா என்று தாத்தாவிடம் கேட்டதில்லை. அவர்களுக்குத் தீட்டுதான் கண்ணில் பட்டது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதைச் சொன்னதுபோல, உங்களுக்குச் செய்ய வேண்டியதையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி ஊசி குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் 2002-இல் சில ஊர்களில் தொடங்கி, 2011 வாக்கில் நாடு முழுவதும் வந்துவிட்டது. இன்று நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற முப்பது, நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. இரண்டாவது கோடு வராவிட்டால் ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. மூன்றும் போட்டால்தான் கணக்கு. இரண்டாவது கோடு வந்துவிட்டால் பயந்து ஒளிய வேண்டாம். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி-க்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் முற்றிலும் குணமாகிறது. பி-யை மாத்திரையால் அடக்கி வைத்து, கல்லீரலைக் காப்பாற்ற முடிகிறது. என் அப்பாவுக்கு அது காலத்தில் கிடைக்கவில்லை.

இதைத் தனித்தனி ஆளாகக் கைக்காசு போட்டுச் செய்துகொள்ளச் சொல்ல எனக்கு மனம் இல்லை. முடிதிருத்துவோர் நல வாரியம் இருக்கிறது. வாரிய அட்டை இருக்கிற ஒவ்வொருவருக்கும் மூன்று ஊசியும் இலவசம் என்று ஓர் ஆணை வரட்டும். கேட்டால் கிடைக்காதது இல்லை. 2021-இல் கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணம் கிடையாது என்று தமிழக அரசு அறிவித்தபோது, மொட்டை போடுகிற தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். பழனியிலும் திருச்செந்தூரிலும் ஒரு விசேஷ நாளில் ஒருவர் எத்தனை தலைகளை மழிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். அதில் எத்தனையோ பச்சைக் குழந்தைகளின் தலை. ஊசி முதலில் அந்தத் தொழிலாளர்களுக்குத்தான் போக வேண்டும். ஹஜ் யாத்திரையில் தலை மழிக்கப் போகிறவர்களை, அங்கீகாரம் பெற்ற இடத்தில், ஆளுக்கொரு புதுப் பிளேடு போடுகிறவரிடம் மட்டும் போகச் சொல்கிறார்கள். கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் முறை வைத்தால் நடக்கும்.

அடுத்தது விலை. அரை பிளேடின் விலை சொற்பம்தான். ஆனால் காகிதத் துண்டு, பஞ்சு, பிளீச்சிங் பவுடர், கழுவுகிற நேரம் எல்லாம் சேர்ந்தால் ஒரு ஷேவிங்குக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் கேட்பது நியாயம். 2020-இல் கொரோனா ஊரடங்கில் கடைகள் இரண்டு மாதம் சாத்திக் கிடந்து, பிறகு திறந்தபோது கையுறை, முகக்கவசம், ஒருமுறை மட்டும் போர்த்துகிற உறை, வருகிறவர்களின் ஆதார் குறிப்பு என்று எத்தனை நிபந்தனை வந்தது! அத்தனையையும் உங்கள் சொந்தக் காசில் செய்தீர்கள். நோயின் பயம் குறைந்ததும் அதுவும் தேய்ந்துபோனது, ஏனென்றால் அந்தச் செலவை யாரும் உங்களோடு பங்குபோட்டுக்கொள்ளவில்லை. இந்தத் தடவை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். தூத்துக்குடி மில்லர்புரத்தில் பொன்.மாரியப்பன் தன் சலூனையே நூலகமாக்கி வைத்திருப்பதை அறிவீர்கள். சலூனில் காத்திருக்கிறவர் கண்ணில் படுகிற எதையும் படிப்பார். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை மாட்டுங்கள்: ‘புதுப் பிளேடு பிரிப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தி கழுவி ஊறவைத்தது. அதற்காகப் பத்து ரூபாய் கூடுதல்.’ பிளேடு உறையை அவர் கண்ணெதிரில் பிரியுங்கள். கண்ணெதிரில் பிரித்த பிளேடுக்கு யாரும் பேரம் பேசுவதை என் சித்தப்பா மகன் கடையில் நான் பார்த்ததில்லை.

இதை அனுப்பிவிட்டு நான் சும்மா இருக்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை கடை லீவுதானே. எங்கள் வட்டாரச் சங்கத்தில் பேசியிருக்கிறேன், வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூடுகிறோம். பக்கெட், பிளீச்சிங் பவுடர், தராசு, பழைய பல் பிரஷ் எல்லாம் நான் கொண்டுவருகிறேன். நீங்கள் கழுவாத கத்தியை அப்படியே எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். வாரிய அட்டையும் கையில் இருக்கட்டும். ஊசிக்கான மனுவில் கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற ஊர்ச் சங்கங்கள் கூப்பிட்டால், எந்தச் செவ்வாய்க்கிழமையானாலும் லீவு போட்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன்